உம் அல் குவைனில் ஒரு லண்டன் சரிவு

"கம்பியெல்லாம் கோணலா இருக்குதாமா. நீங்களே ஒரு எட்டு போயிப் பார்த்துட்டு வந்துருங்க சாந்தாமணி" என்றார் முதலாளி. உக்கடம் வரை போய் வரச் சொல்வது போலத்தான் சொன்னார். அடுத்த வாரம் நான் ஷார்ஜாவில் இருந்தேன்.

கோவை பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் டிராயிங் பிரிவு என் பொறுப்பு. பம்புசெட்டுக்கு வேண்டிய இரும்புப் பாகங்களை வார்ப்பதுதான் எங்கள் தொழில். 2005 கடைசியில் வழக்கத்துக்கு மாறான ஒரு ஆர்டர் வந்தது. உம் அல் குவைனில் ஒரு அரபுப் பெரியவர் எட்டு வீடுகளைச் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையாகக் கட்டுகிறார். லண்டனில் உள்ள ஒரு தெருவின் அசல் நகலாம் அது. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த புதிதில் கட்டிய வீடுகள். அரசாங்கம் அவற்றைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டதால் அங்கே ஒரு ஜன்னல் சட்டத்தைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாதாம். அந்த வீடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்த படங்கள் எங்களுக்கு வந்தன. வாசலுக்கு முன்னால் நிற்கும் அலங்காரக் கம்பித் தடுப்புகளை நாங்கள் வார்த்துக் கொடுக்க வேண்டும்.

மூன்று மாதம் உழைத்தோம். ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஈட்டி முனை, அதன் கீழே ஒரு இலை. ஐந்தடி நீளத் தடுப்புகள் கண்டெய்னர் நிறையக் கப்பல் ஏறின. ஒரு மாதத்தில் பதில் வந்தது: எல்லாம் கோணல், எடுத்துக்கொண்டு போங்கள்.

"திரும்பி வந்துச்சுன்னா அத்தனையும் உருக்கிப் போடோணும். வேற எதுக்கும் ஆகாது" என்றார் முதலாளி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ஷார்ஜாவில் நான் தங்கியது ஜமால் பாய் வீட்டில். கீழக்கரைக்காரர். ரோலா பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார், முதலாளிக்குப் பழக்கம். அவர் மனைவி ஜெய்னம்புவை அக்கம்பக்கத்தில் எல்லோரும் லாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் சொல்வார்களாம். நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன். முதல் நாள் காலை இடியாப்பத்தை இலையில் வைத்துவிட்டு, "ஆணம் ஊத்தவா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டாங்க என்றேன். வெறும் இடியாப்பத்தைப் பாதி விழுங்கிய பிறகுதான் அவர்கள் வீட்டில் குழம்புக்குப் பெயர் ஆணம் என்று தெரிந்தது. "அடியாத்தே, வெறும் மாவையா திங்கிறீக!" என்று சிரித்துக்கொண்டே ஒரு கரண்டிக்கு மூன்று கரண்டி ஊற்றினார். அன்றிலிருந்து ஆணம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஜமால் பாய் தன் பிக்கப் வண்டியில் சைட்டுக்கு அழைத்துப் போனார். ஷார்ஜா நெரிசலில் நகர்ந்த நேரம்தான் அதிகம். அதைத் தாண்டினால் இருபுறமும் மணல். பூமி தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடந்தது. கோவையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை தென்படும். இங்கே கண்ணுக்குத் தட்டுப்பட எதுவும் இல்லை. திடீரென்று அந்த வெட்டவெளியில் லண்டன் நின்றது.

உண்மையாகவே லண்டன்தான். எட்டு வீடுகள், நாலு மாடி, ஒரே முகப்பு. கீழ்த்தளச் சுவரில் பூச்சின் மேல் கோடு கீறிக் கருங்கல் மாதிரி செய்திருந்தார்கள். ஒவ்வொரு வாசல் கதவின் தலைக்கு மேலும் விசிறியை விரித்த மாதிரி அரைவட்டக் கண்ணாடி. கூரையில் வரிசையாகப் புகைபோக்கிகள். அவற்றுக்கு நேர் கீழே இரண்டு ஒட்டகங்கள் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

சைட் இன்ஜினியர் ஹானி எகிப்துக்காரர். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். பேச்சை வளர்க்காமல் என்னை முதல் வாசலுக்கு அழைத்துப் போய், எங்கள் தடுப்பு ஒன்றைத் தரையில் நிறுத்திக் காட்டினார். கம்பிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி நின்றன.

"ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் இரண்டு அங்குலம் தாழ்வு. எல்லாத் தடுப்பும் இப்படித்தான். தரை மட்டமாக இருக்கிறது, உங்கள் கம்பி மட்டமாக இல்லை" என்றார் ஆங்கிலத்தில். "சனிக்கிழமை அர்பாப் வருகிறார். அதற்குப் பிறகு கண்டெய்னரைத் திருப்பி அனுப்பிவிடுவேன்." அர்பாப் என்றால் முதலாளி. வீடுகளைக் கட்டும் அந்தப் பெரியவரை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் வரைபடத்தைப் பிரித்துக் காட்டினேன். படத்திலேயே சரிவு இருக்கிறது, நாங்கள் அப்படியே வார்த்தோம் என்றேன். "அப்படியானால் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?" என்றார் ஹானி.

கேட்டிருக்கத்தான் வேண்டும். அந்தச் சரிவை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். மர அச்சு செய்யும் எங்கள் ஆசாரி, "ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமுங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். "லண்டன்ல அளந்தவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு?" என்று அவர் வாயை அடைத்தவள் நான். அந்த இரண்டு அங்குலத்தை அச்சுப் பிசகாமல் கொண்டுவந்துவிட்டேன் என்று பெருமை வேறு.

ஹானி போன பிறகு கொத்தனார் ஃபோர்மேன் சேதுராசு பக்கத்தில் வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். சவூதியில் ஜுபைலில் எட்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். "மூஞ்சி வாடிப் போயிருக்கே. வாங்கக்கா, டீ குடிச்சிட்டு வீட்டச் சுத்திப் பாப்பம்" என்றார்.

அவர் அந்த வீடுகளைச் சுற்றிக் காட்டிய விதத்தை என்னால் மறக்க முடியாது. "இங்க பாருங்கக்கா. மொதல்ல வாசலுக்கு முன்னால எட்டடிப் பள்ளம் வெட்டச் சொன்னாக. வெட்டுனோம். பெறகு அதுல ஆளு விழுந்துரக் கூடாதுன்னு கம்பி போடச் சொன்னாக. பள்ளத்த வெட்டாமலே இருந்திருக்கலாம்ல?" பாதாள அறைச் சமையலறைக்கு வெளிச்சம் வர அந்தப் பள்ளம் என்று விளக்கினேன். "சமையக்கட்ட மேல கட்டிருந்தா?" என்றார்.

ஜன்னல்கள் கதவு மாதிரி திறக்காமல் மேலும் கீழும் நகர்ந்தன. சட்டத்துக்கு உள்ளே கயிற்றில் ஒரு இரும்பு எடை தொங்குகிறது. ஜன்னலைத் தூக்கினால் அது இறங்கும். ஒரு விரலால் தூக்கிக் காட்டினார் சேதுராசு. மாடி ஏற ஏற ஜன்னல் சிறுத்துக்கொண்டே போனது. "உச்சியில வேலக்காரவுக. அவுகளுக்குக் காத்து கம்மியாப் போதும்னு நெனச்சிருக்காக போல." பக்கச் சுவரில் ஒரு ஜன்னலின் உருவம் மட்டும் இருந்தது, ஓட்டை இல்லை. வரிசை அழகுக்காக லண்டனில் அப்படி அடைத்தே கட்டியிருந்தார்களாம். இங்கே வேலை செய்தவர்கள் யாரோ மறந்துபோய் அடைத்துவிட்டார்கள் என்று நினைத்து உடைக்கப் போயிருக்கிறார்கள். புகைபோக்கிகளுக்குக் கீழே அடுப்பே கிடையாது. அவற்றின் மறைவில் ஏசி மெஷின்கள் ஒளிந்திருந்தன.

வாசற்படி ஓரத்தில் நாங்கள் வார்த்த ஒரு சின்னச் சாமான் பதித்திருந்தது. பூட்ஸில் ஒட்டிய சேற்றை வழித்துவிட்டு உள்ளே போவதற்கான இரும்புப் பட்டை. மழையே இல்லாத ஊரில் இது எதற்கு என்று வரையும்போது சிரித்திருக்கிறேன். அங்கேயோ அதுதான் தேய்ந்து பளபளத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அத்தனை பேரும் பூட்ஸில் ஒட்டிய சிமெண்டை அதில்தான் வழித்தார்கள்.

"அர்பாப்புக்கு இன்னும் திருப்தி இல்லக்கா" என்றார் சேதுராசு. "மூணு தடவ பெயிண்ட மாத்திட்டோம். கதவு நெறத்த மாத்திட்டோம். வருவாக, நடு ரோட்டுல நிப்பாக, என்னமோ சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிருவாக. என்னன்னு அவுகளுக்கும் தெரியல."

அன்று மாலை லாத்தா வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குத் தேவையான கம்பிப் பகுதியை மட்டுமே பார்த்துப் பழகியவள் நான். லாத்தா ஒரு தட்டில் தொதல் கொண்டுவந்து வைத்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டிய கீழக்கரை அல்வா அது. பக்கத்தில் உட்கார்ந்து முகப்புப் படத்தை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன அநியாயம்? இந்தக் கோடி வூட்டுக்கு ரெண்டே படி இக்கிது. அந்தக் கோடி வூட்டுக்காரி மட்டும் என்ன பாவம் செஞ்சா, ஒம்பது படி ஏறணும்?"

நான் திரும்ப எண்ணினேன். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து... வீட்டுக்கு ஒரு படி கூடிக்கொண்டே போனது. கூரை ஒரே மட்டம், வாசல்கள் ஒரே மட்டம், தெரு மட்டும் இறங்குகிறது. லண்டனில் அந்தத் தெரு ஒரு மேட்டிலிருந்து கீழே இறங்கும் தெரு! உம் அல் குவைனிலோ எல்லா வாசலுக்கும் ஐந்தைந்து படி கட்டி, தரையை இழுத்து மட்டமாக்கியிருந்தார்கள். என் கம்பிகள் கோணல் இல்லை. அவற்றின் காலடியில் இருக்க வேண்டிய தெருவைத்தான் காணோம். சந்தோஷத்தில் லாத்தாவின் கையைப் பிடித்து ஆட்டினேன். தொதல் பிசுபிசுப்பு இருவர் கையிலும் ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை ஜமால் பாய்க்குக் கடையில் வேலை. டாக்ஸி பிடித்தேன். டிரைவர் பட்டாணியர், எனக்கு இந்தி வராது. "உம் அல் குவைன், லண்டன், லண்டன்" என்று சொல்லி வீட்டின் படத்தைக் காட்டினேன். "அச்சா, லண்டன்!" என்று உற்சாகமாகத் தலையாட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து ஊருக்குள் ஒரு சந்தில் வண்டியை நிறுத்தினார். எதிரே லண்டன் என்று பலகை மாட்டிய முடிதிருத்தும் கடை. முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் இருந்தவர் என்னையும் என் கையிலிருந்த சுருட்டிய காகிதத்தையும் பார்த்துத் திகைத்தார். நல்லவேளை, கடைக்காரர் மலையாளி. "அது ஒட்டகம் நிற்கும் லண்டன். இது வேறு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டிரைவருக்கு இந்தியில் வழி சொன்னார். டிரைவர் போகும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டு, ஒரு டீக்கடை முன் நிறுத்தி எனக்குக் கெட்டியான கரக் டீ வாங்கிக் கொடுத்தார்.

இத்தனையும் தாண்டிப் போய் ஹானியிடம் படிகளை எண்ணிக் காட்டினேன். அவர் இரண்டு முறை எண்ணினார். முகம் மாறியது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினார். "மட்டமான தரைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நகராட்சி ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. இப்போது போய்ச் சரிவு வேண்டும் என்றால் என் வேலை போகும். வேண்டாம், மேடம். கலாஸ்." முடிந்தது என்று அர்த்தம்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்கப் பயந்தவர்கள்தான் நாங்கள் இருவருமே. அவர் வேலையை நினைத்துப் பயந்தார், நான் என் பெருமையை நினைத்து.

கொட்டகை நிழலில் சேதுராசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு குச்சியால் மணலில் கோடு போட்டுப் பார்த்தார். "ஏக்கா, மேக்கோடியில அஞ்சு படியில மூணு படிய மண்ணப் போட்டு மூடுனா ரெண்டு படி. அடுத்த வீட்டுல ரெண்டு படிய மூடுனா மூணு. அதுக்கடுத்து ஒண்ணு. மூணு வீட்டுக்குச் சரிவு ரெடி. எதையும் இடிக்க வேணாம், ஒடைக்க வேணாம். இந்த ஊருல மணலுக்கா பஞ்சம்? பிடிக்கலன்னா அள்ளிருவம்."

"இன்ஜினியர் வேண்டாங்கிறாரே?"

"வெள்ளிக்கெழம டூட்டி இல்லக்கா. லீவு நாள்ல நாங்க மணல்ல வெளயாடுனா யாரு கேப்பா?"

லீவு நாளில் அவர்களை வேலை வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வாரத்துக்கு ஒரே நாள். துணி துவைக்க, ஊருக்கு போன் பேச, தூங்க என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான். "நாங்களும்தான் நாலு மாசமா பெயிண்ட மாத்தி மாத்தி அடிச்சிட்டு இருக்கோம். என்ன கொறன்னு எங்களுக்கும் பாக்கணும்ல" என்றார் சேதுராசு.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். முக்கால்வாசி ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம். கூட ஒரு நேபாளி, ஒரு பஞ்சாபி. லாத்தா ஒரு பெரிய தேக்சா நிறைய நெய்ச்சோறும் கறி ஆணமும் கொடுத்தனுப்பியிருந்தார். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பார்த்து மட்டம் குறித்தார் சேதுராசு. அதிலிருந்து வீட்டுக்கு ஒரு படி உயரம், அதாவது ஏழு அங்குலம், இறக்கிச் சுவரில் நூல் அடித்தோம். தள்ளுவண்டியில் மணல் வந்து கொட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே பிளைவுட் பலகைகளை விரித்தார்கள். மதியம் மூன்று மணிக்கு முதல் தடுப்பைத் தூக்கி வைத்தோம்.

கம்பிகள் நிமிர்ந்து நின்றன.

சேதுராசு தூக்குக்குண்டைக் கம்பியோரம் தொங்கவிட்டார். நூலும் கம்பியும் தலைமுடி இடைவெளிகூட இல்லாமல் ஒட்டி நின்றன. "யாருக்கா இத வரஞ்சது?" என்றார். நான்தான் என்றேன்.

சனிக்கிழமை காலை முதலில் வந்தவர் ஹானி. மூன்று வீட்டு முன்னால் மேட்டைப் பார்த்ததும் டையைத் தளர்த்திக்கொண்டார். "யார் சொல்லிச் செய்தது?" என்றார். நான் முன்னால் போய், நான்தான் என்றேன். அவர் மேலே பேசுவதற்குள் அர்பாபின் கார் வந்துவிட்டது.

ஐம்பத்தைந்து வயதுக்காரர், மெலிந்த உடம்பு, வெள்ளை அங்கி. வழக்கம்போல் நடு ரோட்டில் நின்றார். நிறைய நேரம் நின்றார். பிறகு மேட்டின் உச்சிக்கு நடந்துபோய், கம்பியில் கையை வைத்து, கையை எடுக்காமல் கீழே இறங்கி வந்தார். திரும்ப ஏறினார். திரும்ப இறங்கினார். இந்த முறை கொஞ்சம் ஓடினார்.

"இதுதான்" என்றார் ஆங்கிலத்தில். "வண்ணம் இல்லை, கதவு இல்லை, இதுதான்! அங்கே படிக்கும்போது மூன்றாம் மாடியில் என் அறை. பஸ்ஸைப் பிடிக்கத் தினமும் இந்தச் சரிவில் ஓடுவேன். போன முதல் வாரமே பனியில் வழுக்கி விழுந்து, இந்தக் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்தேன். முப்பது வருடமாயிற்று, கால் மட்டும் மறக்கவில்லை. ஹானி, நீ கண்டுபிடித்தாயா?"

ஹானி என்னைப் பார்த்தார். "அந்த வரைபடத்தை முப்பது தடவை பார்த்திருப்பேன், ஐயா. படிகளை எண்ணவில்லை. எண்ணியது இந்தம்மா" என்றார். பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. எனக்கும் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நானும் எண்ணலைங்க. சரிவைப் பார்த்தேன், ஆனா கேட்கலை. எண்ணியது ஷார்ஜாவில் ஒரு இரும்புக் கடைக்காரர் மனைவி" என்றேன். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். மீதி ஐந்து வீட்டுக்கும் சரிவு வேண்டும் என்றார். நகராட்சியில் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஹானி டையை அவிழ்த்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைக் கட்டி நான் பார்க்கவில்லை.

முதலாளிக்கு போன் செய்தேன். "உருக்க வேண்டாமுங்க" என்றேன். "ஆசாரிகிட்டச் சொல்லிப்போடறேன். பாவம், ஒரு வாரமா அவரு சரியாச் சாப்பிடறதில்ல" என்றார்.

கம்பிகளைப் பொருத்தும் வரை இருக்கச் சொல்லிவிட்டார்கள். கீழ்க்கோடியில் தோண்டி நாலு படி கூட்டவும், நடுவில் நிரவி உருளை ஓட்டவும் பத்து நாள் ஆயிற்று. நான் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் கடைசித் தடுப்பும் ஏறியது. எட்டு வீட்டு நீளத்துக்கும் தெரு ஒரே சீராக இறங்கியது. கற்கள் பதிக்கவில்லை, பலகைதான் விரித்திருந்தது.

டூட்டி முடிந்து, பஸ் வரக் காத்திருந்த நேரம். பஞ்சாபி ஒரு காலித் தள்ளுவண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்தினார். நேபாளி அதில் ஏறி உட்கார்ந்தார். ஒரே தள்ளு. வண்டி கடகடவென்று எட்டு லண்டன் வாசல்களையும் தாண்டி ஓடிக் கீழே மணலில் குத்தி நின்றது. பஞ்சாபியும் கைப்பிடியை விடாமல் பின்னாலேயே ஓடி அவர் மேலேயே விழுந்தார். அடுத்து ஏற ஒரு வரிசையே நின்றுவிட்டது. வருடக்கணக்கில் தட்டைத் தரையிலேயே வண்டி தள்ளியவர்கள். பேரன் எடுத்த சேதுராசு காலைத் தூக்கிக்கொண்டு, "யெல்லா, யெல்லா!" என்று அரபியில் அவசரப்படுத்திக் கூவியபடி போனார். ஹானி முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு ஏறி உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க?" என்றார் சேதுராசு கீழிருந்து.

எனக்கு நாற்பத்து நாலு வயது. கோவையில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு விநாடி யோசித்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, இரண்டு பக்க இரும்பையும் இறுக்கிப் பிடித்தேன். "மெதுவாத் தள்ளுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஞ்சாபி தள்ளிவிட்டார்.